வாய்ப் புற்றுநோயில் ஹார்மோன்கள் தடம் புரளும்போது: வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இறந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்ட தன் தங்கையின் பெயரைச் சொல்லிப் பெரியப்பா என்னை அழைத்தார். அதற்கு முன் நான்கு நாட்களாகத் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். மலம் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. ஓயாமல் தாகம், மூக்குக் குழாயில் தண்ணீர் விடச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். இரவில் ஐந்தாறு முறை சிறுநீர் கழிக்க எழுந்தார்.

அவருக்குக் கீழ்த்தாடை ஈறில் புற்றுநோய். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையும் சீவலும் புகையிலையுமாக ஐம்பது ஆண்டுப் பழக்கம். அறுவை சிகிச்சை முடிந்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, எட்டு மாதம் நன்றாக இருந்தார். பிறகு கழுத்தில் மறுபடியும் கட்டி வந்திருந்த நேரம் அது. முதலில் காட்டிய மருத்துவமனையில் இரத்தம்கூட எடுக்காமல், "மூளைக்குப் பரவியிருக்கும், வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்றார்கள். உறவினர்களுக்கெல்லாம் தகவல் சொல்லிவிட்டோம். மறுநாள் மனம் கேட்காமல் இன்னோர் இடத்துக்கு அழைத்துப் போனபோது, வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த ஒரு மருத்துவர் சீட்டில் நான்கு சோதனைகளை எழுதினார்: கால்சியம், சோடியம், சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின். கால்சியம் 14.2 வந்தது. இருக்க வேண்டியது 10.5-க்குள். சலைனும் ஓர் ஊசியும் ஏறின. நான்காம் நாள் காலையில் என்னை என் பெயர் சொல்லி அழைத்து, பேப்பர் எங்கே என்று கேட்டார்.

அதற்குப் பிறகு பதினொரு வாரம் இருந்தார். அந்தப் பதினொரு வாரத்தையும் ஒரு வார்த்தையில் இழக்க இருந்தோம் என்ற நினைப்புதான் என்னை இதை எழுத வைக்கிறது. நான் மருத்துவர் அல்ல. பெரியப்பாவுக்குப் பிறகு, வாய்ப் புற்றுநோய் வந்த வேறு சிலரின் வீடுகளிலும் துணைக்கு இருந்தவள். மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, நோயாளிக்குப் பக்கத்தில் இரவில் விழித்திருப்பவர்களுக்குப் பயன்படும் வரிசையில் எழுதுகிறேன். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். எப்போது, எதைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது என்பது நம் கையிலும் இருக்கிறது.

படி 1: இரண்டு வழிகளில் கெடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் 1,40,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாக வாய்ப் புற்றுநோய் வந்திருக்கிறது. ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் அதுதான் முதலிடம். நம் நாட்டில் அது பெரும்பாலும் கன்னத்திலும் ஈறிலும் வருகிறது. புகையிலையையும் பாக்கையும் அடக்கி வைக்கும் இடம் அதுதான். புண், வலி, வாய் திறக்காமை, பேச்சு குழறல் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற துன்பங்கள். ஹார்மோன் கோளாறு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் "நோய் முற்றிவிட்டது", "மனசு விட்டுவிட்டார்", "கீமோ அசதி" என்ற மூன்றில் ஏதாவது ஒரு பெயரை அதற்கு வைத்துவிடுகிறோம்.

முதல் வழி, கட்டியே ஹார்மோன் போன்ற பொருளைச் சுரப்பது. இரத்தத்தில் கால்சியம் ஏறுவதும் சோடியம் இறங்குவதும் இப்படி நேரலாம். இரண்டாம் வழி, சிகிச்சையின் பக்கவிளைவு. கழுத்துக்கு வைக்கும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, தைராய்டைச் சேதப்படுத்துகிறது. கீமோவுடன் கொடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுகிறது. புற்றுநோயை எதிர்க்க உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி ஊசிகள் எந்தச் சுரப்பியை வேண்டுமானாலும் தாக்கலாம்.

காலத்தையும் நினைவில் வையுங்கள். கால்சியம் பெரும்பாலும் நோய் முற்றிய நிலையில் அல்லது திரும்பி வந்தபோது ஏறும். சோடியம் எப்போதும் இறங்கலாம், கீமோ நாட்களில் கூடுதலாக. தைராய்டு, சிகிச்சை முடிந்து சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, நாம் எல்லாம் முடிந்தது என்று ஃபைலைப் பரணில் போட்ட பிறகு, மெதுவாக வரும்.

படி 2: ஒரு நோட்டு, ஆறு கேள்விகள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு மாலையும் இவற்றை எழுதுங்கள்: இன்று எவ்வளவு நேரம் தூங்கினார்? பேச்சில், எழுத்தில் தடுமாற்றம் உண்டா? மலம் போனதா? சிறுநீர் எத்தனை முறை? தாகம் கூடியதா? குழாய் வழியாக எவ்வளவு உள்ளே போனது, வாந்தி வந்ததா?

நாக்கு எடுக்கப்பட்டவர்கள், வாய் திறக்க முடியாதவர்கள் பலர் சிலேட்டிலோ போனிலோ எழுதித்தான் பேசுகிறார்கள். குழப்பம் அவர்கள் எழுத்தில் முதலில் தெரியும். பெரியப்பாவின் சிலேட்டில் இரண்டு நாளுக்கு முன்பிருந்தே வரிகள் பாதியில் நின்றிருந்தன. "தண்ணீ" என்ற சொல்லை மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியிருந்தார். கை தளர்ந்துவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி கையில் கொடுத்தேன். இன்று அப்படி ஒரு சிலேட்டைப் பார்த்தால் அன்றே இரத்தம் எடுக்கச் சொல்வேன்.

படி 3: கால்சியம், முதலில் கேட்க வேண்டிய சோதனை

குழந்தைக்குப் பல் முளைப்பதை யோசித்துப் பாருங்கள். தாடை எலும்புக்குள் இருக்கும் பல் மேலே வர வேண்டுமானால் அதற்கு மேலிருக்கும் எலும்பு கரைந்து வழிவிட வேண்டும். அந்த வேலைக்கு உதவும் ஒரு புரதத்தை உடல் அந்த இடத்தில் மட்டும், கொஞ்சமாகச் சுரக்கிறது. இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோனைப் போலவே நடந்துகொள்வதால் மருத்துவர்கள் அதைச் சுருக்கமாகப் பி.டி.எச்.ஆர்.பி. என்கிறார்கள். பால் கொடுக்கும் தாயின் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துப் பாலுக்கு அனுப்புவதிலும் இதற்குப் பங்கு உண்டு. வாய்ப் புற்றுநோயில் பெரும்பாலானவை செதிள் செல் வகையைச் சேர்ந்தவை. அந்தச் செல்களில் சில இதே புரதத்தை அளவில்லாமல் சுரந்து இரத்தத்தில் கலக்கின்றன. உடல் முழுவதும் எலும்பு கரைகிறது. சிறுநீரகமும் கால்சியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. கட்டி இப்படி ஒரு ஹார்மோனைச் சுரக்கக்கூடும் என்று அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941-இல் ஊகித்தார். புரதம் பிரித்தெடுக்கப்பட்டது 1987-இல்தான்.

எலும்புக்குப் பரவியிருந்தால்தான் கால்சியம் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். எலும்பு ஸ்கேனில் ஒன்றுமே இல்லாதவருக்கும் இந்தப் புரதத்தால் ஏறலாம்.

ஏறிய கால்சியம், சிறுநீரகம் தண்ணீரைச் சேமிக்கும் திறனைக் கெடுக்கிறது. சிறுநீர் நிறையப் போகிறது, உடல் வறள்கிறது. வறண்டால் கால்சியம் இன்னும் ஏறுகிறது. மற்ற நோயாளிகள் தாகம் எடுத்தால் சொம்புத் தண்ணீரைக் குடித்து ஓரளவு ஈடுகட்டிவிடுவார்கள். விழுங்க முடியாத வாய்ப் புற்றுநோயாளிக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. அவர் நிலை இரண்டு மூன்று நாட்களுக்குள் சரிவதற்கு இதுதான் காரணம்.

அறிகுறிகள்: மலச்சிக்கல், தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், பசியின்மை, தசைத் தளர்ச்சி, தூக்கம், பிதற்றல். மார்ஃபின் எடுப்பவராக இருந்தால் மலச்சிக்கலையும் தூக்கத்தையும் மார்ஃபின் தலையில் போட்டுவிடுவோம். தாகத்தோடு அடிக்கடி நிறையச் சிறுநீர் போவது மார்ஃபினால் வருவதல்ல. இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் கால்சியத்தைச் சந்தேகியுங்கள்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது ஒரு கணக்கு போட வேண்டும். கால்சியத்தில் ஏறக்குறைய பாதி, அல்புமின் என்ற புரதத்தின் முதுகில் ஏறித்தான் இரத்தத்தில் போகிறது. சாப்பிட முடியாமல் மெலிந்தவருக்கு அல்புமின் குறைந்திருக்கும். அதனால் கால்சியமும் குறைவாகக் காட்டும். அல்புமின் 4-இலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதை 0.8-ஆல் பெருக்கிக் கால்சியத்துடன் கூட்டுங்கள். ஒருவருக்குக் கால்சியம் 10.4, அல்புமின் 2.2 என்று வைத்துக்கொள்வோம். குறைவு 1.8. அதை 0.8-ஆல் பெருக்கினால் 1.44. கூட்டினால் 11.8. லேப் தாளில் 10.4-க்குப் பக்கத்தில் எந்த அடையாளமும் இருக்காது; "நார்மல்" என்று மடித்துப் பையில் வைத்துவிடுவோம். உண்மையில் அவருக்கு ஏறியிருக்கிறது. எனவே கால்சியம் சோதனையுடன் அல்புமினையும் சேர்த்தே கேளுங்கள். அல்புமினோடு ஒட்டாமல் தனியே ஓடும் அயனிக் கால்சியத்தை நேரடியாக அளக்கும் வசதி இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. 12-க்கு மேல் போனால் தாமதிக்கக் கூடாது. 14-க்கு மேல் உயிருக்கு ஆபத்து.

காரணம் உறுதியாக வேண்டுமானால் பாராதைராய்டு ஹார்மோனையும் அளப்பார்கள். கட்டியால் ஏறியிருந்தால் உடலின் சொந்த ஹார்மோன் அடங்கிப்போய் மிகக் குறைவாக இருக்கும். வாய்ப் புற்றுநோயாளிகள் சிலருக்குக் காய்ச்சலோ கிருமியோ இல்லாமல் வெள்ளையணுக்களும் கால்சியமும் சேர்ந்தே ஏறும். அதுவும் கட்டியின் சுரப்புதான். நோய் தீவிரமாக இருப்பதன் அடையாளம்.

சிகிச்சையில் முதலில் சலைன். வறட்சி தீர்ந்தாலே எண் ஓரளவு இறங்கும். அடுத்து எலும்பு கரைவதை நிறுத்தும் ஊசி; பெரும்பாலும் சோலெட்ரானிக் அமிலம் 4 மி.கி., குறைந்தது 15 நிமிடத்தில் மெதுவாக ஏற்றுவார்கள். அதன் முழுப் பலன் தெரிய 2 முதல் 4 நாள் ஆகும். மறுநாளே கண் திறக்கவில்லை என்று அழைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதுவரை தாக்குப்பிடிக்கக் கால்சிடோனின் ஊசி சில மணி நேரத்தில் வேலை செய்யும், ஆனால் இரண்டு நாளில் அதன் வீரியம் குறைந்துவிடும். சிறுநீரகம் கெட்டிருந்தால் டெனோசுமாப் கொடுப்பதுண்டு.

சோலெட்ரானிக் அமிலமும் டெனோசுமாபும் தாடை எலும்பை அரிதாக அழுக வைக்கக்கூடியவை. கரண்ட் வைத்த தாடை ஏற்கெனவே வலுவிழந்தது. எனவே ஊசிக்கு முன், "இவருக்குத் தாடைக்குக் கதிர் கொடுத்திருக்கிறார்கள்" என்று வாயால் சொல்லுங்கள். இந்த ஊசி போட்டவருக்குப் பல் பிடுங்குவதை மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். அதற்காக 14-இல் இருக்கும் கால்சியத்துக்கு ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடவும் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். சத்து மாத்திரை என்ற பெயரில் அவை ஓடிக்கொண்டிருக்கலாம், அட்டையைப் பாருங்கள். பாலை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. இந்தக் கால்சியம் எலும்பிலிருந்து வருகிறது, டம்ளரிலிருந்து வரவில்லை. பாலை நிறுத்தினால் அவருக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும் கொஞ்சப் புரதமும் போய்விடும். இரத்த அழுத்த மாத்திரையையும் கவனியுங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் கலந்த மாத்திரை கால்சியத்தை ஏற்றும், சோடியத்தை இறக்கும். பல ஆண்டுகளாகப் போடும் மாத்திரைதானே என்று யாரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. மாத்திரைப் பெட்டியை அப்படியே மருத்துவர் முன் கவிழ்த்துக் காட்டுங்கள்.

படி 4: சோடியம். இங்கே தண்ணீரே எதிரி ஆகலாம்

சோடியம் 135-க்கும் 145-க்கும் இடையில் இருக்க வேண்டும். தண்ணீரை உடலில் நிறுத்தி வைக்கச் சொல்லும் ஹார்மோன் ஒன்று மூளையின் அடியிலிருந்து வருகிறது. நுரையீரல் புற்றுநோய் இருந்த இரண்டு பேரிடம் இந்த ஹார்மோன் கட்டுப்பாடின்றி வேலை செய்வதை ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் குழுவினர் 1957-இல் விவரித்தார்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்களிலும் இது நடக்கிறது. சில நேரம் கட்டியே சுரக்கிறது. சில நேரம் கழுத்து அறுவை, கடும் வலி, தீராத குமட்டல், சில மருந்துகள் அதைத் தூண்டிவிடுகின்றன. சிறுநீர் குறைகிறது, தண்ணீர் தங்குகிறது, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகிறது.

தலைவலி, குமட்டல், சோர்வு, தடுமாற்றம், பிறகு வலிப்பு என்று போகும். 125-க்குக் கீழே போனால் அவசரம்.

கால்சியம் ஏறினாலும் குழப்பம், சோடியம் இறங்கினாலும் குழப்பம்; வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் கால்சியத்துக்குத் தண்ணீர் மருந்து. இந்த வகைச் சோடியக் குறைவுக்குத் தண்ணீரைக் குறைப்பது மருந்து. இதனால்தான், தெருமுனைக் கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளூக்கோஸ் ஏற்றுங்கள், தெம்பு வரட்டும்" என்று கேட்பதை நான் மன்றாடித் தடுக்கிறேன். குளூக்கோஸ் பாட்டிலில் உள்ள சர்க்கரையை உடல் எரித்த பிறகு மிஞ்சுவது வெறுந்தண்ணீர். சோடியம் 118-இல் இருப்பவருக்கு அது வலிப்பைக் கொண்டுவரலாம். முதலில் இரத்தம், பிறகுதான் பாட்டில்.

சிஸ்பிளாட்டின் கீமோ எடுப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த மருந்து அதே ஹார்மோனைத் தூண்டலாம், அல்லது சிறுநீரகத்தைக் கெடுத்து உப்பைச் சிறுநீரில் ஓடவிடலாம். முதலாவதற்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இரண்டாவதற்கு உப்பும் நீரும் கொடுக்க வேண்டும். சிறுநீரில் உள்ள சோடியத்தையும் அடர்த்தியையும் அளந்து, உடல் வறண்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். தைராய்டோ, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் சுரப்போ குறைந்தாலும் சோடியம் இறங்கும் என்பதால் அவற்றையும் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார்கள் என்பதற்காக நீங்களும் குறைத்துவிடாதீர்கள்.

இறங்கிய சோடியத்தை ஏற்றுவதிலும் நிதானம் வேண்டும். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் ஏற விடமாட்டார்கள். வேகமாக ஏறினால் மூளைத்தண்டின் நரம்புறைகள் சிதைந்துவிடும். "ஏன் இவ்வளவு மெதுவாக ஏற்றுகிறீர்கள்?" என்று செவிலியரிடம் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மெதுவான சொட்டுதான் அவரைக் காப்பாற்றுகிறது.

குழாய்க் கஞ்சியில் உப்பு போடுகிறீர்களா என்றும் பாருங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர் என்று உப்பே இல்லாமல் காய்ச்சி, நீர்க்க வடிகட்டி, இடையிடையே இளநீரும் வெறுந்தண்ணீரும் விட்டால் சோடியம் இறங்குவதற்கு நாமே வழி வைத்ததாகிவிடும். எவ்வளவு உப்பு என்பதை உணவியல் நிபுணரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: தைராய்டு, பிழைத்தவர்களைத் தேடி வரும் தொல்லை

வாய்ப் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பிறகு கரண்ட் வைப்பது வழக்கமாக 6 வாரம், 30 தடவை அல்லது சற்று மேல். கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கும் சேர்த்துக் கொடுக்கும்போது, கழுத்தின் அடியில் பட்டாம்பூச்சி போல் அமர்ந்திருக்கும் தைராய்டும் அந்தக் கதிரை வாங்கிக்கொள்கிறது. கழுத்துக்குக் கதிர் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை, பிறகு ஒரு கட்டத்தில் தைராய்டு குறைவுக்கு ஆளாகிறார்கள். இது அரிதான விஷயமே இல்லை. ஆனாலும் எத்தனை வீடுகளில் இதைச் சொல்லி அனுப்புகிறார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு சித்தி, நாக்குப் புற்றுநோயிலிருந்து மீண்டு ஒன்றரை ஆண்டு ஆனவர். நாள் முழுவதும் படுத்தே கிடந்தார். மே மாதத்திலும் போர்வை கேட்டார். முகம் உப்பியிருந்தது. கழுத்து அறுவைக்குப் பின் வரும் நீர்க்கோவை என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். மகன் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனான். அந்த மருத்துவர் செய்த முதல் வேலை டி.எஸ்.எச். என்ற இரத்தச் சோதனைக்கு எழுதியதுதான். தைராய்டு குறைந்தால் இந்த எண் ஏறும். அது பல மடங்கு ஏறியிருந்தது. மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் எழுந்து வாசலில் கோலம் போட்டார்.

செய்ய வேண்டியது இது: கரண்ட் தொடங்குவதற்கு முன் ஒரு டி.எஸ்.எச்.; முடிந்த பின் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஐந்து ஆண்டு தாண்டிய பிறகும் விடாதீர்கள். குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் கரகரப்பு, மறதி, ஆறாத புண் இவற்றில் எது வந்தாலும் தவணைக்குக் காத்திருக்க வேண்டாம்.

மாத்திரை லெவோதைராக்ஸின். காலையில் வெறும் வயிற்றில், உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவார்கள். 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபடி சோதிக்க வேண்டும். பத்து நாளில் சோதித்தால் ஒன்றும் தெரியாது.

குழாய் வழியாகக் கொடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மாத்திரையை நன்றாகப் பொடித்து, வெறுந்தண்ணீரில் கரைத்து உடனே ஏற்றி, பின்னால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். பொடி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டால் மருந்து வயிற்றுக்குப் போகாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கஞ்சி வேண்டாம். பாலிலும் சோயா மாவுக் கஞ்சியிலும் கலக்கவே கூடாது.

படி 6: சர்க்கரையும் ஸ்டீராய்டும்

கீமோவில் வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். வாரம் ஒருமுறை கீமோ என்றால் வாரம் ஒருமுறை இதுவும் ஏறும். காலையில் வாங்கிய ஸ்டீராய்டு, சர்க்கரையைப் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் ஏற்றும். வெறும் வயிற்றுச் சோதனை நன்றாக இருக்கும். மாலையில் 300 இருக்கும். எனவே கீமோ நாளிலும் அடுத்த இரண்டு மூன்று நாட்களிலும் மதிய உணவுக்கு 2 மணி நேரம் கழித்தும் இரவு உணவுக்கு முன்பும் விரல் குத்திப் பாருங்கள். முன்பு சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் இது வரலாம்.

இதற்கு நேர்மாறானது அதைவிட வேகமாகக் கொல்லும். வாய் வெந்து மூன்று நாளாக ஒன்றும் இறங்காதவருக்கு, பழக்கத்தில் காலைச் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ கொடுத்துவிடுகிறோம். வியர்த்து, நடுங்கி, மயங்கிவிடுவார். உணவு குறைந்த அன்றே மருத்துவரை அழைத்து அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால் மூன்று நான்கு தேக்கரண்டி குளூக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். குழாய் இல்லாதவர் மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழலுக்குள் போய்விடும். 108-ஐ அழையுங்கள்.

ஸ்டீராய்டை மூன்று வாரத்துக்கு மேல் தினமும் எடுத்தவர்களின் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து, வாந்தியும் தலைசுற்றலும் வரும்; சோடியமும் சர்க்கரையும் இறங்கும். படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். பசிக்காகக் கொடுக்கும் மெஜெஸ்ட்ரால் மருந்துக்கும் இது பொருந்தும். யாரோ சொன்னார்கள் என்று வாங்கி வரும் பெயரில்லாத பசிப்பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அப்படி ஏதாவது கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசாலைக் காலை 8 மணிக்கு அளக்கும் சோதனை உண்மையைக் காட்டும்.

படி 7: இம்யூனோதெரபி ஊசி போட்டவர்கள்

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஊசிகள் விலையால் நம்மவர்களுக்கு எட்டாமல் இருந்தன. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 3 வாரத்துக்கு ஒருமுறை 20 மி.கி. நிவோலுமாப் கொடுத்து மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2022-இல் வெளியான பிறகு, இன்னும் பலருக்கு இந்த வாசல் திறந்திருக்கிறது. எனவே பக்கவிளைவும் நம் வீடுகளுக்குள் வரும். முதலில் படபடப்பும் எடைக் குறைவும் வந்து, சில வாரத்தில் தைராய்டு அடியோடு குறையலாம். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வீங்கித் தலைவலியும் தாங்க முடியாத சோர்வும் வரலாம். அரிதாக, ஒரே வாரத்தில் சர்க்கரை தாறுமாறாக ஏறி மூச்சு வாங்கலாம். ஊசி நிறுத்தி மாதங்கள் கழித்தும் இவை வருவதுண்டு. அவசரப் பிரிவில் "கீமோ எடுத்தார்" என்று மட்டும் சொன்னால் போதாது, ஊசியின் பெயரைச் சொல்லுங்கள். அட்ரீனலும் தைராய்டும் சேர்ந்து குறைந்திருந்தால் ஸ்டீராய்டை முதலில் தொடங்கிய பிறகே தைராய்டு மாத்திரை. மாற்றிச் செய்தால் உயிருக்கே ஆபத்து.

படி 8: உடனே கிளம்ப வேண்டிய நேரம்

வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரே நாளில் தோன்றிய பிதற்றல், 12 மணி நேரமாகச் சிறுநீர் வராமை, நிற்காத வாந்தி, உட்கார்ந்ததும் மயக்கம், ஆழமாக வேகமாக வாங்கும் மூச்சு. இவற்றில் ஒன்று போதும். கையில் டிஸ்சார்ஜ் தாள், மாத்திரைப் பெட்டி, நோட்டு. அங்கே போனதும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "கால்சியம், அல்புமின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள்." கரண்ட் வைத்தவர் என்றால் டி.எஸ்.எச். சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவை அன்றே கிடைக்கக்கூடிய சோதனைகள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நான் கேட்டு யாரும் கோபித்ததில்லை.

படி 9: மறுபடி ஏறும்போது

இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். வாய்ப் புற்றுநோயில் கட்டியால் கால்சியம் ஏறுகிறது என்றால், கட்டியையே அடக்கும் சிகிச்சை மிச்சம் இல்லாத நிலையில், பெரும்பாலும் வாரங்களோ சில மாதங்களோதான் இருக்கும். ஊசியின் பலன் மூன்று நான்கு வாரம் நிற்கும். மறுபடி ஏறும், மறுபடி போடலாம். ஒவ்வொரு முறையும் பலன் குறையும். முதல் முறை தெளிந்தவுடனேயே, அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். சொத்து, கடன், யாரைப் பார்க்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும் எல்லாம் அந்த நாட்களில்தான் கேட்க முடியும்.

பெரியப்பா தன் சிலேட்டில் எழுதினார்: "இன்னொரு ஊசி சரி. அதுக்கு மேல வேண்டாம். வீட்ல இருக்கேன்." ஆறாம் வாரம் அந்த இன்னோர் ஊசியைப் போட்டோம். பத்தாம் வாரம் தூக்கம் மறுபடி கூடியபோது, வலிநிவாரணப் பிரிவு மருத்துவரிடம் பேசி, இரத்தம் எடுக்காமல் விட்டோம். மார்ஃபினை நேரத்துக்குக் கொடுத்தோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வந்த செவிலியர், ஈரத் துணியால் உதட்டையும் ஈறையும் இரண்டு மணிக்கு ஒருமுறை துடைக்கவும், மூன்று நாளுக்கு ஒருமுறை எனிமா கொடுக்கவும், இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவும் சொல்லிக்கொடுத்தார். நோட்டின் கடைசிப் பக்கங்களில் அந்த நேரங்கள் மட்டும்தான் இருக்கின்றன.